காலியாக விட்ட கட்டம்

எங்கள் நகர் நலச்சங்கம் குறும்பட விழா நடத்திய ஆண்டு நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அதற்குமுன் அந்தச் சங்கம் செம்பாக்கத்தில் நடத்திய நிகழ்ச்சிகள் இரண்டு. ஒன்று, கொசு ஒழிப்பு முகாம். இன்னொன்று, முகாமுக்கு ஏன் யாரும் வரவில்லை என்று விசாரித்த பொதுக்குழு. இப்போது தெருவுக்கு நான்கு பேரிடம் ஹேண்டிகேம் வந்துவிட்டதால், கலையை வளர்ப்பது என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் என் பெரியப்பா. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தால்கூட இதற்குமுன் குறைந்த தேதிகளையும் குறிப்பிட்டுப் பேசுவார். அவர் அமைத்த நடுவர் குழுவில் ஒரு பல் மருத்துவர், ஒரு தமிழாசிரியை, ஒரு வங்கி மேலாளர், தொலைக்காட்சித் தொடரில் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரியாக வந்துபோன ஓர் அம்மாள் ஆகியோர் இருந்தார்கள். ஐந்தாவது நடுவர் நான். சிறுவர் பிரதிநிதி.

போட்டிக்கு ஐந்து படங்கள் வந்திருந்தன. அதில் ஒன்று என் மாமா எடுத்தது. அம்மாவின் தம்பியான அவர், பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருடமாக எங்கள் வீட்டில்தான் இருந்தார், சினிமாவுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு. பெரியப்பா அவருக்குப் பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை சொல்லி வைத்திருந்தார். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. முதல் பரிசு கிடைத்தால் மாமா ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேரலாம், யாரும் தடுக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பல்லாவரம்.

விழா ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட அரங்கில். உள்ளே போகும்போது பெரியப்பா என்னைத் தனியாக அழைத்தார்.

"சொந்தக்காரங்க படத்துக்கு நடுவர் மார்க் போடக் கூடாதும்மா. மாமா கட்டத்தை மட்டும் காலியா விட்டுடு. அதான் ப்ரொசீஜர்."

"பிடிச்சிருந்தா பெரியப்பா?"

"பிடிச்சிருந்தா கண்டிப்பாப் போடக் கூடாது."

ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். முதல் படத்தில் ஒருவர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகப் பன்னிரண்டு நிமிடம் நடந்தார். எங்கே போகிறார் என்று கடைசிவரை சொல்லவில்லை. படிவத்தில் கருத்து என்று ஒரு பகுதி இருந்தது. 'கொக்கு நன்றாக நடித்தது' என்று எழுதிப் பத்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். இரண்டாவது படத்தில் மகன் கைவிட்ட அப்பா இறந்தார், பிறகு அம்மா, பிறகு மகனும். அரங்கமே மூக்கைச் சிந்தியது. 'எல்லோரும் இறந்துவிட்டதால் படம் முடிந்தது' என்று எழுதினேன். ஏழு. மூன்றாவது பேய்ப் படம். 'பேய் கைக்கடிகாரம் கட்டியிருந்தது.' நான்காவதில் கொலை, துரத்தல் எல்லாம் முடிந்து கதாநாயகன் தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்டான். நடக்காத கதைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று பக்கத்திலிருந்த பல் மருத்துவரைக் கேட்டேன். "நான் எட்டு போட்டுட்டேனே" என்று அவரும் குழம்பினார்.

ஐந்தாவது மாமாவின் படம். ஒருவர் ஆளுயரக் கண்ணாடியோடு பம்மலில் ஷேர் ஆட்டோ ஏறுகிறார். ஏறுகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத் தலை வாரிக்கொள்கிறார்கள். மீன் கூடையோடு வந்த ஒரு பெண் மட்டும் ஓட்டுநரைக் கேட்கிறாள்:

"இன்னாபா, நானு இங்கியும் கீறேன், அதுலயும் கீறேன். ரெண்டு ஆளு காசு கேப்பியா?"

அரங்கம் சிரித்தது. எல்லோரும் இறங்கிய பிறகு அவள் மெதுவாகத் திரும்பிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் படம். எனக்கு ஏனோ அழுகை வந்தது. யாருமே சாகவில்லையே, எதற்கு அழுகிறேன் என்று புரியவில்லை. ஒன்பது போடக் கை பரபரத்தது. போடவில்லை. கருத்தும் எழுதாமல் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பெரியப்பா படிவங்களை வாங்கினார். என்னுடையதைப் பார்த்ததும் பையிலிருந்து சிறிய அளவுகோலை எடுத்து, காலியான கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "வெறும் இடத்தை விடக் கூடாது. யாராவது எதையாவது எழுதிடுவாங்க" என்றார். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் வந்த மதிப்பெண்களைக் கூட்டி அறிவித்தார். எல்லோரும் இறந்த படத்துக்கு முதல் பரிசு. மாமாவுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு.

வீட்டுக்கு நடக்கையில் ஏரிக்கரை வந்ததும் மாமா என் பக்கத்தில் வந்தார். பெரியப்பா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"பாப்பா, உனக்கும் என் படம் பிடிக்கலியா?"

"ரொம்பப் பிடிச்சுது மாமா. அதனாலதான் மார்க் போடல."

பெருமையாகத்தான் சொன்னேன். மாமா நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். முன்னால் போகும் பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "கரெக்டுதான். நீ பண்ணதுதான் கரெக்ட்" என்றார். மறுநாள் எட்டு மணிக்குப் பல்லாவரம் போனார். இன்றும் அங்கேதான், ஸ்டோர் மேலாளராக.

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் குழுவில் இருக்கிறேன். உறுப்பினர் ஒருவர் விலகிக்கொண்டால் கூட்டுத்தொகையைப் பார்க்கக் கூடாது, மதிப்பெண் போட்டவர்களின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருவார்கள். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெரியப்பாவின் கை வயதுக்குக் கொஞ்சம் நடுங்கும். ஆனாலும் அந்தக் கோடு எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்று வியந்துகொண்டே, அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.