கப்பலை எங்கே நின்று பார்ப்பது

பல வருடங்களுக்குப் பிறகு என் தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். முதலில் கேட்டது சுகமா என்றுகூட இல்லை.

“அக்கா, கப்பலில சுத்துலாப் போறீங்களாம். அது வெளிக்கிடேக்க எங்க நிண்டு பாத்தா நல்லாத் தெரியும்?”

அவளுடைய குரலைக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படி வெட்ட வேண்டும் என்று எத்தனையோ வசனங்களை மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “ஏன் கேக்கிறாய்?” என்றேன்.

“உங்களை அனுப்ப வாறன் அக்கா. இந்த முறை நீங்க என்னைக் காண வேணும்.”

இந்த முறை என்று அவள் சொன்னதை விளங்கிக்கொள்ள எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரை அனுப்புவது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. ஒருத்தர் வெளிநாடு போகிறார் என்றால் வான் பிடித்து, சோற்றுப் பார்சல் கட்டி, குஞ்சுகுருமான் எல்லாம் ஏறி, கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டி அழுதுவிட்டு வர வேண்டும். கலியாண வீட்டுக்கு வராதவரைக்கூட மன்னிப்போம். அனுப்ப வராதவரை மன்னிக்க மாட்டோம். என் மகள் கனடாவுக்குப் போன அன்று தங்கச்சி வரவில்லை. அதாவது, வரவில்லை என்று நான் சொன்னேன், வந்தேன் என்று அவள் சொன்னாள். அவள் கலியாணம் கட்டிப் போன கிளிவெட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாளாம், சுணங்கிப் போச்சாம், போனில் சார்ஜ் இல்லையாம், மற்ற வாசல் பக்கத்துக் கண்ணாடியில் நின்று கை காட்டினாளாம், நாங்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அடுத்த நாள் இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆருக்கடி காதில பூச்சுத்துறாய்? வந்தனி எண்டா என்ர கண்ணில படாமல் எங்க போனனி?” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதோடு எங்கள் கதை பேச்சு முடிந்தது. அவள் பிறகும் ஒன்றிரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை.

இப்போது அந்த மகள்தான் எனக்கும் என் புருசனுக்கும் கப்பல் பயணம் போட்டுக் கொடுத்திருந்தாள். சென்னையிலிருந்து வருகிற கப்பல், எங்கள் திருகோணமலையில் ஆட்களை ஏற்றி, அம்பாந்தோட்டைக்குப் போய்த் திரும்புவது. நானும் மனிசனும் அதுவரை மூதூர் வள்ளத்தைத் தவிர வேறெதிலும் கடலில் போனதில்லை. இந்தப் புதினம் கிளிவெட்டி வரைக்கும் போயிருக்கிறது. தங்கச்சி இதைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைக் கண்ணால் கண்டுவிட்டால் பழையது முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

“துறைமுகத்துக்குள்ள விடமாட்டாங்கள்தானே அக்கா. நான் கட்டைபறிச்சான் பக்கம் கரையில நிக்கட்டே? எங்களுக்குக் கிட்ட. இவர் மோட்டார் சைக்கிளில கொண்டே விடுவார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உனக்கென்ன விசரே? கப்பல் ஏன் உங்கட பக்கம் வருது? எந்தக் கப்பலும் கோணேசர் கோயில் மலைக்கு முன்னாலதான் போகும். பேசாமல் மலைக்கு ஏறு. கோயிலுக்குப் பின்பக்கம் மதிலடியில நில். உனக்கு நேர கீழால போவம். நான் இடது பக்கம் கம்பியடியில மஞ்சள் சீலையோட நிப்பன்.”

“அப்ப நான் என்ர கலியாணக் கூறையைக் கொண்டு வாறன் அக்கா. அதைவிடச் சிவப்பு என்னட்ட வேற இல்லை. ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டுறன்.”

“கிழிச்சுப் போடாத,” என்றேன். அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் சும்மா நின்றேன். நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே ஒரு நினைப்பு வந்தது.

மலையை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவன் வள்ளத்தில் நின்றபடி மலையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வலை போடுவான். நாங்களும் மலையில் நின்று கீழே போகிற வள்ளத்தையும் கப்பலையும் பார்த்தே வளர்ந்தவர்கள். கடலில் போகிற எதுவும் கோணேசருக்கு முகம் காட்டாமல் போகாது என்பது எங்களுக்குள் ஊறிப்போன விசயம். அதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

ஏறுகிற அன்று மாம்பழ மஞ்சள் பட்டுச் சீலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டு போனேன். தங்கச்சிக்குத் தெரிய வேண்டும் அல்லவா. மேல்தட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனை பேரும் அரைக்காற்சட்டையும் பனியனுமாக நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட கப்பல்காரப் பையன் ஒருவன் என்னிடம் மிகவும் மரியாதையாக வந்து, வரவேற்பு நடனக்காரர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நீங்களும் கெதியில் இறங்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னான். என் காதெல்லாம் சுட்டது. நான் பயணி என்று சொல்லி, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன். மனிசன் மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிரிக்கட்டும், தங்கச்சிக்கு நான் தெரிந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“என்னப்பா, அங்கால பாட்டுப் போடுறாங்கள், தேத்தண்ணியும் குடுக்கிறாங்கள். கதிரையில இருந்து பாப்பமே,” என்று மனிசன் கேட்டார்.

“நீங்க போய் இருங்கோ. நான் இந்த இடத்தை விட்டு அசையன்,” என்றேன். இடது பக்கக் கம்பியில் நல்ல இடமாகப் பார்த்து இரண்டு முழங்கையையும் அகட்டி ஊன்றிக்கொண்டேன். ஒரு பெடியன் படம் எடுப்பதற்குக் கொஞ்சம் தள்ளச் சொன்னான். நான் பார்த்த பார்வையில் அவனே தள்ளிப் போனான்.

பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா நின்றார். காலையில்தான் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தாராம். “கடல்லேர்ந்து பார்த்தா எப்படி இருக்கும்னு ஆசையா இருக்குங்க. இங்கேர்ந்து தெரியுமா?” என்று கேட்டார்.

சும்மா ஓம் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! நான் இந்த ஊர்தான் என்று தொடங்கி, துறைமுக வாயைத் தாண்டியதும் கப்பல் இடது பக்கம் திரும்பும், மலை எங்கள் தலைக்கு மேலே வந்து நிற்கும், இந்தக் கம்பியடியைப் போல இடம் கப்பலில் வேறெங்கும் கிடைக்காது, என் தங்கச்சியும் அங்கேதான் நிற்கிறாள் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் இன்னும் சிலரைக் கூப்பிட்டார்கள். நீச்சல் குளத்தடிப் பாட்டை விட்டுவிட்டு ஒரு கூட்டமே என் பின்னால் வந்து நின்றது. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அதைப் பார்த்து அவர்களும் கழற்றினார்கள்.

கப்பல் ஊதிக்கொண்டு நகர்ந்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பின்னால் போயின. தீவுகளுக்கு இடையால் மெதுவாகப் போய், துறைமுக வாயைக் கடந்து, கொட்டியார்க் குடாவில் இறங்கியது. மலையின் முனை இடது பக்கம் தூரத்தில் தெரிந்தது. “இப்ப வரும், இப்ப வரும்,” என்றேன். சென்னை அம்மா கையைக் கூப்பிவிட்டார். பின்னால் போன்கள் எல்லாம் உயர்ந்தன.

கப்பல் வலது பக்கம் திரும்பியது.

முதலில் ஏதோ சின்ன வளைவு என்று நினைத்தேன். ஆனால் அது திரும்பிக்கொண்டே இருந்தது. மலை எங்கள் பக்கத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது, பிறகு காணவில்லை. எங்களுக்கு முன்னால் வெறுங்கடல்.

“என்னப்பா, நாங்க அம்பாந்தோட்டைக்கெல்லே போறம்? அது தெற்கு,” என்று பின்னால் நின்ற மனிசன் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் அந்த நேரம்தான் அது உறைத்திருக்கிறது, பாவம். அடுத்த துறை அம்பாந்தோட்டை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவளே நான்தான். அது தெற்கில் இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெற்குக்குப் போகிற கப்பல் ஏன் வடக்கே போய்க் கோணேசருக்கு முன்னால் நிற்கப் போகிறது என்று இந்த மண்டைக்கு மட்டும் ஏறவில்லை.

“ஏங்க, கோயில் எப்ப வரும்?” என்று சென்னை அம்மா கேட்டார். கூப்பிய கையை இன்னும் எடுக்கவில்லை.

“வராது,” என்றேன். வேறென்ன சொல்ல?

ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். அவர்கள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். “பரவாயில்லைங்க, காலையில பார்த்துட்டோம்ல,” என்று அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டுப் போனார். மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். எனக்கு அது நின்ற இடத்திலேயே நடந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. தங்கச்சி. மலையில் காற்று அவளுடைய குரலை இழுத்துக்கொண்டு போனது.

“அக்கா! கப்பல் தெரியுது! தூரத்தில, சின்னதாத் தெரியுது. எப்ப இஞ்சால வரும்?”

பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். “வருது, வருது, கொஞ்சம் பொறு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். கப்பலின் பின்பக்கத்தில் நின்றாலாவது மலை தெரியும்.

சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, சாப்பாட்டு மண்டபத்துக்குள்ளால் ஓடினேன். கோப்பை அடுக்கிக்கொண்டு நின்ற பெடியள் எல்லாம் விலகி நின்று பார்த்தார்கள். வலது பக்கக் கண்ணாடியால் மூதூர்க் கரையும் வெளிச்சவீடும் கட்டைபறிச்சான் பக்கத்துத் தென்னைகளும் அழகாகத் தெரிந்தன. அவள் கேட்ட கரை. தன் வீட்டுக்குக் கிட்டவாக நிற்கிறேன் என்றவளை விசரி என்று சொல்லி, குடாவைச் சுற்றி அவ்வளவு தூரம் வரப்பண்ணி, அந்தக் கற்படியெல்லாம் ஏற வைத்து, காற்றில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

பின்தட்டில் ஆட்கள் சிகரெட் பற்றுகிற இடம். ஆம்பிளைகள் சுற்றி நின்று புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டுச் சீலையும் பூவும் வெறுங்காலுமாக நான் அவர்களுக்கு நடுவால் போய்க் கம்பியைப் பிடித்தேன். மனிசன் என் செருப்பு இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மலை தெரிந்தது. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கறுப்பு மேடு, அவ்வளவுதான். கோயில் எது, பாறை எது என்றே பிரிக்க ஏலாது. அதில் என் தங்கச்சியை எங்கே தேடுவது?

நான் அவளுக்குப் போன் எடுத்தேன். அவள் உடனே எடுத்தாள்.

“தங்கச்சி, தெரியுது! சிவப்புத் தெரியுது! ஆட்டு, ஆட்டு!” என்று கத்தினேன்.

“அக்கா,” என்றாள். “சீலை இன்னும் பைக்குள்ளதான் இருக்கு. கப்பல் கிட்ட வரட்டும் எண்டு விரிக்காமல் வச்சிருக்கிறன்.”

புகை விட்டுக்கொண்டிருந்தவர்களில் யாருக்காவது தமிழ் தெரிந்ததோ என்னவோ. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. என் மனிசனுக்குத் தெரியும். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்தேன் என்று சொன்னவளைப் பொய்க்காரி என்று இத்தனை வருடம் ஒதுக்கி வைத்த நான், அவளைக் கண்டேன் என்று பொய் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன்.

“அது இனி இஞ்சால திரும்பும்தானே அக்கா?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

“வராது. தெற்கால போகுது. நான்தான் பிழையாச் சொல்லிப் போட்டன். எனக்கு நீ தெரியேல்லயடி. மலையே வடிவாத் தெரியேல்ல.”

“அப்ப சரி,” என்றாள். பை சரசரக்கிற சத்தம் கேட்டது. “இவர் ஒரு தலைப்பைப் பிடிச்சிருக்கிறார். நான் ஆட்டுறன் அக்கா. தெரியாட்டியும் பரவாயில்லை. நீங்களும் ஆட்டுங்கோ.”

நான் முந்தானையைப் பிடித்து ஆட்டினேன். அவளுக்கு நான் தெரிய வழியே இல்லை. எனக்கு அவள் தெரியவில்லை. ஆனால் அவள் அங்கே நிற்கிறாள். போன் கையில் இருந்ததால் அது எனக்குத் தெரிந்தது. போன் செத்துப் போயிருந்தால்? அவள் வரவேயில்லை என்று ஊர் போய்ச் சொல்லியிருப்பேன். அடித்துச் சொல்லியிருப்பேன்.

“கட்டுநாயக்காவிலயும் நீ இப்பிடித்தான் நிண்டனி, என்ன?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா,” என்றாள் தங்கச்சி. “பிளேன் போய் முடியுமட்டும் நிண்டனான்.”