மூன்று வீட்டுக்கு நாலு கதிரை

பதுளையில் ஒரு சிறிய உதவி நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில், மண்சரிவு ஆபத்து என்று லயத்து வரிசை அறைகளிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களுக்குப் புது வீடுகள் கொடுத்திருந்தார்கள். வீடு மட்டும்தான். கட்டில், மேசை, அலுமாரி எதுவும் இல்லாமல் வெறும் சீமெந்துத் தரையில் படுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தகவல் வந்தது. யாரிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வீடு வீடாகப் போய் எழுதி வருவதற்கு என்னை அனுப்பினார்கள்.

புறப்படும்போது எங்கள் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாகப் பதுளையில் இருப்பவர்.

“பிள்ளை, கவனமாப் பாரும். சாமான் குடுக்கினம் எண்டு தெரிஞ்சா சனம் உள்ளதையும் ஒளிச்சுப் போடும். பின்பக்கத்தையும் ஒருக்கா எட்டிப் பாரும்.”

அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்த நாளில் எங்கள் வீட்டு டிவி போர்வைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவள். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினேன்.

முதல் வீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா இருந்தார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அன்று மலைக்கு வேலைக்குப் போகவில்லை. முன்னறையில் நாலு நீலப் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் கை உடைந்து, கம்பி சுற்றியிருந்தது.

“உக்காருங்க மிஸ்.”

“கட்டில் இருக்காக்கா?”

“இருக்கு மிஸ். உள்ளுக்கு இருக்கு.”

“பாக்கலாமா?”

“மாமியாருக்குக் காய்ச்சல். தூங்குறாங்க.”

கதவு சாத்தியிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதிரை நாலு, கட்டில் ஒன்று என்று எழுதி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு இளம் பெண். அங்கேயும் நாலு நீலக் கதிரைகள். ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று உட்காரப் போனவள், கம்பி சுற்றிய கையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. அலுமாரி இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாள். மேசை? அதுவும் இருக்கிறதாம்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உதவி வருகிறது என்றால் உள்ளதை ஒளிப்பார்கள். இவர்கள் ஏன் இல்லாததைக் காட்டுகிறார்கள்? யாரோ பின்னால் இருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். அதனால் மூன்றாவது வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.

முதல் வீட்டு அக்கா தலையில் இரண்டு கதிரைகளோடு கழிவுநீர்க் கானுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். இளம் பெண் மற்ற இரண்டையும் இந்தப் பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“என்னக்கா இது?”

அவர் கதிரைகளை மெதுவாக இறக்கி வைத்தார். “பாத்துட்டீங்க. எழுதிக்கிட்டுப் போங்க.”

“என்னன்னு எழுத?”

“வீட்டுல ஒண்ணும் இல்ல, ஆளு குடியிருக்கலன்னு. அதுக்குத்தானே வந்தீங்க?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வெறுமையாகக் கிடக்கும் வீடுகளைப் பிடுங்கி வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று முந்தின வாரம் பெரட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் அந்த இடத்தில் ஒரு பேச்சு விழுந்தால் மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்கப் போய்விடும். வீட்டுக்கு உறுதிப் பத்திரமும் இன்னும் இவர்கள் கைக்கு வரவில்லை. படிவத்தோடு வந்த என்னை அதற்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். கதிரை நாலும் கோயிலுடையவை.

கட்டில் கொடுக்கத்தான் வந்தேன், நானும் லயத்துப் பிள்ளைதான் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குடுக்குறோம்னு சொல்லித்தானே எல்லாருமே கையெழுத்து வாங்குறாங்க.”

படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் கேட்டார்: “சரி. இப்ப உங்க பேரு, அப்பா எந்தத் தோட்டம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஏதும் ஆச்சுன்னா நாங்க உங்களத் தேடி வரணும்ல?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் உள்ளறைக் கதவைத் திறந்தார். துணியெல்லாம் சாக்குகளில் கட்டிக் கிடந்தது. விரித்த அட்டைப்பெட்டிகளின் மேல் பாய் போட்டு மாமியார் படுத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். நெற்றி கொதித்தது. காய்ச்சல் பொய்யில்லை.

“ஏன் இப்பிடி வெட்டி வெட்டி எழுதியிருக்கிறீர்?” என்று மறுநாள் பொறுப்பதிகாரி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். “எல்லா வீட்டுக்கும் திரும்பப் போம்” என்றார். போனேன்.

இரண்டு மாதம் கழித்து லொறியில் கட்டில்கள் போயின. அடுத்த வாரம் நான் போனபோது அந்த அக்காவின் வீட்டில் மெத்தை பொலித்தீன் உறையோடு அப்படியே இருந்தது. மாமியார் கீழே பாயில்தான் இருந்தார்.

“ஏன்க்கா பிரிக்கல?”

“திருப்பிக் கேட்டா புதுசாவே குடுக்கணும்ல, மிஸ்.”

“யாரும் கேக்க மாட்டாங்கக்கா.”

“வீடு குடுத்தவங்க ஓட்டுக் கேட்டாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே.”

என் பைக்குள் போன் இருந்தது. கட்டிலில் குடும்பத்தை உட்கார வைத்துப் படம் எடுத்து வரும்படி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மறைக்க மனம் வரவில்லை.

“போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாங்கக்கா.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “கட்டில எடுத்துக்குங்க. எங்கள எடுக்காதீங்க.”

கட்டிலை மட்டும் எடுத்தேன். ஆளில்லாத படம் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவர்களுக்கு விருப்பமில்லை என்றேன்.

அடுத்த மாதம் போனபோது மெத்தையில் உறை இல்லை. மாமியார் அதில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா விரலை வாயில் வைத்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.