பெரியம்மாவுக்கு வந்த ஞாபகம்

செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்தை எப்படி அழிக்கும் என்று கல்முனையில் ஒருவர் வந்து பேசினார். ஆசிரியர்கள் கட்டாயம் போகவேண்டும் என்றதால் நானும் போனேன். வேலைகள் பறிபோகும், ஆயுதங்கள் தாமாகவே சுடும், கடைசியில் நாமெல்லாம் இயந்திரத்துக்கு அடிமையாவோம் என்றார். பேச்சின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மனிதகுலம் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, கொடுத்த வடையைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு மூத்தவளான எங்கள் ராத்தாவின் மகள் கல்யாணத்தில் அந்த இயந்திரம் கை வைக்கும் என்று மட்டும் அந்த மனிதர் சொல்லவே இல்லை.

மாப்பிள்ளைக்கு ஊர் அட்டாளைச்சேனை. இரண்டு பேரும் கெம்பஸில் ஒன்றாகப் படித்து, ஒருவரையொருவர் விரும்பியவர்கள். தாயில்லாத அவரை வளர்த்தவர் அவருடைய பெரியம்மா. அவர் ஓமென்றால்தான் ஓம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு வட்டிலப்பத்தைக் கேட்டு வாங்கி இரண்டாந்தரமும் சாப்பிட்டுவிட்டு ஓமென்றார். குடியும் விசாரித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒரே குடியென்றால் காக்கா தங்கச்சி, அதாவது அண்ணன் தங்கை கணக்கு, கட்டக்கூடாது. மார்க்கத்தில் அப்படியொரு தடையும் இல்லை, ஊர் வாயில்தான் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு குடி. பிரச்சினை இல்லை.

பிரச்சினையை உண்டாக்க எங்கள் மச்சான் இருந்தார். ராத்தாவின் கணவர், பென்சன்காரர். வயலுக்கு எப்போது பசளை எறிவது, தனக்கு ஏன் அடிக்கடி ஏப்பம் வருகிறது, எல்லாவற்றையும் போனில் இருக்கும் அந்தச் செயற்கை அறிவிடம்தான் கேட்பார். ராத்தா சொன்னால் காதில் ஏறாது. அதையே போன் சொன்னால் "சுப்ஹானல்லாஹ்" என்பார். கல்யாணத்தன்று இரண்டு குடும்பத்தின் பெருமையையும் எடுத்துச்சொல்லி ஒரு வாழ்த்துரை வாசிக்க அவருக்கு ஆசை வந்தது. இரண்டு குடிகளின் வரலாற்றையும் போனிடம் கேட்டார்.

அது கொஞ்சமும் தடுமாறாமல், சுத்தமான தமிழில் சொன்னது: இரு குடிகளும் ஒரே தாயின் இரண்டு பெண்மக்களிலிருந்து தோன்றியவை, ஆகவே இவற்றுக்கிடையே மணவுறவு வழக்கமில்லை.

மச்சானுக்கு வியர்த்துவிட்டது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் அதை அப்படியே கல்யாணத்துக்கென்று தொடங்கிய வட்ஸ்அப் குழுவில் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் அதில் இருந்தார்கள்.

நான் ராத்தா வீட்டுக்குப் போனபோது கல்யாணப் பிள்ளை அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"மச்சான், இத ஆரு சொன்னதாம் அதுக்கு?"

"உலகத்துல உள்ள எல்லாத்தையும் அது படிச்சிரிக்கி புள்ள."

"நம்மட குடியப் பத்தி ஆரு எழுதி வெச்ச, அது படிக்கிறதுக்கு?"

போனைப் பறித்து, வாயில் வந்தபடி வட்டிலப்பக் குடியின் வரலாறு என்ன என்று கேட்டேன். வட்டிலப்பக் குடியினர் கடல்வழியாக வந்த வணிகர்களாம். முதலில் ஒலுவில் கரையில் தங்கினார்களாம். வீரத்துக்கும் விருந்தோம்பலுக்கும் பேர்போனவர்களாம். பள்ளிவாசலில் அவர்களுக்கென்று தனியாக மரைக்கார் என்ற நிர்வாகியும் இருந்தாராம். நான் உரத்து வாசிக்க, அழுதுகொண்டிருந்த பிள்ளையே சிரித்துவிட்டாள். மச்சானின் முகம்தான் செத்துப்போனது. போனை வாங்கி, இரண்டு குடிகளைப் பற்றி நீ முதலில் சொன்னது உண்மையா என்று கேட்டார். அது உடனே மன்னிப்புக் கேட்டது. தான் கூறியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, அது தவறு என்றது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து மச்சான் ராத்தாவிடம் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னது கிடையாது.

அந்த மன்னிப்பைக் காட்டிக் காரியத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்று மச்சானும் நானும் பிள்ளையும் அட்டாளைச்சேனைக்குப் போனோம். பெரியம்மா எங்களை மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி தந்தார். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினார்.

"அது சரிதான் மகள். எங்கட உம்மா சொல்லிரிக்காங்க. ரெண்டு குடிக்கும் தாயான ராத்தாவும் தங்கச்சியும் ஒரே வளவுக்குள்ள இருந்தவங்களாம். வாசல்ல பெரிய மாமரம் ஒண்டு நிண்டதாம்."

"பொண்ணு பாக்க வந்த நேரம் ஏன் இதச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"அப்ப ஞாபகம் வரல்ல. போன்ல வாசிச்சாப்புறவுதான் வந்திச்சி."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் வந்திருந்தது. பொய் சொன்ன போனை வாயடைக்க வைக்க எனக்கு ஒரு வட்டிலப்பம் போதுமாக இருந்தது. இந்த மனுசியை என்ன செய்வது?

மச்சான் போனை நீட்டினார். "பிழை என்னில. இது பொய் சொல்லிட்டு. இந்தா, மன்னிப்பும் கேட்டிரிக்கி."

பெரியம்மா கண்ணாடியைப் போட்டு ஆற அமர வாசித்தார். "மெஷின் நேரத்துக்கு ஒண்டு சொல்லும். எங்கட உம்மா அப்பிடி மாத்திக் கதைக்கிற ஆளில்ல."

மாப்பிள்ளை கதவோரம் நின்றார். பிள்ளை எழுந்து அவருக்கு முன்னால் போனாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் பக்கம் திரும்பி, கதை கேட்கும் சிறுபிள்ளை மாதிரி, "அந்த மாமரம் எந்தப் பக்கம் பெரியம்மா நிண்ட?" என்று கேட்டார்.