அரசியல் தாள் எழுதாத மாடசாமி

பொருளாதாரமும் அரசியலும் சேர்த்துப் படிக்கிறவனிடம் ஊரார் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்: வேலை எப்போது கிடைக்கும், ஜெயிலுக்கு எப்போது போவாய். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்தி, என்னைப் போல இந்தப் பாடங்களை எடுத்து பி.ஏ. படித்த பாவப்பட்டவர்களுக்கு இது புரியும்.

இரண்டு போகம்

தென்காசியில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. முதல் லீவுக்கு வந்த என்னை வரப்பில் நிறுத்தி, என்ன பாடம் என்று அப்பா விசாரித்தார். சொன்னேன். அவர் அறிந்ததெல்லாம் கார், பிசானம் என்று நெல்லின் இரண்டு போகம்தான். சற்று யோசித்தார், முகம் தெளிந்தது. "நல்லதுலே. ஒண்ணு பொய்ச்சாலும் இன்னொண்ணு கைகுடுக்கும்லா?"

சாரல் வகுப்பு

என்னோடு படித்த மாடசாமிக்குச் செங்கோட்டை. அன்று அது திருவாங்கூர் ராஜாவின் சீமை. ஆனிச் சாரலில் இருவரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு பாறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். அப்படி ஒரு சுகமான வகுப்பு பிறகு வாய்க்கவே இல்லை. அருவி இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும்.

"சனங்களக் கேக்காம வரி போட ராஜாவுக்கு என்னலே அதிகாரம்?" என்று ஒருநாள் கத்தினான். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரை அப்போதுதான் கவனித்தேன். செங்கோட்டை போலீஸ் ஏட்டு! அவன் தொடையைக் கிள்ளினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் லீவுல குளிக்க வந்திருக்கேன், பேசுங்கப்பா."

பரீட்சைக்கு முந்தி

கடைசி வருஷம் அதே கேள்வியைச் செங்கோட்டையில் ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டான். ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். பார்க்கப் போனேன். ஒரு வருஷப் படிப்பு போயிற்றே! படிக்க என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். கம்பிக்குப் பின்னால் சிரித்தான். "பொருளாதாரத்த மட்டும் கொண்டாந்து குடுலே. அரசியல் இங்கன தெனமும் நடக்குது."

ரிசல்ட்

நான் தேறிவிட்டேன். அவன் வீட்டுப் பக்கம் போகவே கூசியது. இருந்தாலும் போனேன். அவன் அம்மா கருப்பட்டிக் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "என்ன கேள்வி வந்துச்சுன்னு மறந்திராதய்யா, அவன் வந்தா கேப்பான்."

வந்தான், கேட்டான், அடுத்த வருஷம் எழுதித் தேறினான்.

அவன் வாத்தியாரானான், நான் குமாஸ்தாவானேன்; அரிசி விலையும் அரசாங்கமும் எங்கள் இருவரையும் கேட்காமலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.