மைக்குக்கு முன்னால் ஓர் இழவு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அத்தை, நான், தொட்டிலில் தம்பி, அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அவர் பைக்கில் கூட்டிவந்த வெள்ளைக்காரப் பெண். அவ்வளவுதான். இத்தனை வருடங்களில் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் போகும்போதுகூட எண்ணுவேன், யாரையாவது விட்டுவிட்டேனோ என்று. பூட்டிய கதவைப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான். எத்தனை தடவை எண்ணினாலும் ஆட்கள் அதே ஆட்கள்தான். செத்தவர் யாரும் இல்லை.

அதுதான் சிக்கலாகவும் போனது. ஏனென்றால் அந்தப் பெண் பதிவு பண்ண வந்தது ஒப்பாரியை.

கம்பெனியில் டி-சர்ட் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அவள் ஏதோ உறவு. உலகத்தில் எந்தெந்த சனங்கள் எப்படியெப்படிப் பாடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய படிப்பு. இதற்கெல்லாம் ஒரு படிப்பு உண்டா என்று அம்மா கேட்டாள். அப்பா அதட்டினார். உங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிறவர் யாராவது உண்டா என்று முதலாளி கட்டிங் செக்‌ஷனில் வந்து கேட்டபோது, கையில் இருந்த கத்திரியைக்கூடக் கீழே வைக்காமல் என் தங்கச்சி இருக்கிறாள் என்று சொன்னவர் அவர்தான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா கட்டிங் மாஸ்டர். சொந்தமாக ஒரு பவர் டேபிள் போட வேண்டும், பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின் ஓட வேண்டும், அதற்கு இந்த முதலாளி ஜாப் ஒர்க் தர வேண்டும். வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நான் மார்க் ஷீட்டை நீட்டினால்கூட, பவர் டேபிள் ஓடட்டும், பார்க்கலாம் என்பார்.

அத்தைக்கும் அதே பதில்தான். வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். அவள் வாயெடுத்தால் பங்காளிச் சண்டையில் பேச்சை நிறுத்தியவர்கள்கூட அழுதுவிடுவார்கள் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள், அம்மா லேசில் யாரையும் பாராட்டுகிறவள் இல்லை. மடத்துக்குளத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டதும் அத்தை எங்கள் லைன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் கம்பெனியிலேயே செக்கிங் வேலை. சனிக்கிழமை சம்பளத்தை அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார். அத்தை கழுத்தில் இருந்த செயினும் வந்த வருடமே அடகுக்குப் போனது. எல்லாம் உனக்குத்தான் சேருகிறது என்பார். அத்தை கேட்டதெல்லாம் பக்கத்து லைனில் ஒரு ரூமும் ஒரு தையல் மெஷினும். மாதக் கடைசியில் சோறு போடும்போது மெதுவாகக் கேட்பாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, பவர் டேபிள் ஓடட்டும் அம்மிணி என்பார்.

வெள்ளைக்காரப் பெண் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அப்பா கடன் வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் சேரை யாரும் சீண்டவில்லை, பிறகு அவரே அதில் உட்கார்ந்துகொண்டார். அவள் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியையும் அணில் வாலைப் போல ரோமம் வைத்த மைக்கையும் எடுத்தாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் பேசக் கூடாது என்று மெர்ச்சண்டைசர் எங்களுக்குச் சொன்னார். அவர் கேரளாக்காரர். பேச்சுத் தமிழ் நன்றாக வரும். அழுகைத் தமிழ் வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் கேள்விகள். எல்லா சனத்துக்கும் பாட்டு உண்டு, அதில் மேல் கீழ் கிடையாது என்று அவள் நம்புகிறாளாம். அப்பா பலமாகத் தலையாட்டினார். இந்தப் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தது, ஆண்கள் பாடுவார்களா, வார்த்தை முன்பே இருக்கிறதா, அப்போதைக்கு அப்போது கட்டுவதா என்று கேட்டாள்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "இது பாட்டே இல்லீங்க. பாட்டுன்னா நடவுல பாடறது, கும்மிக்குப் பாடறது. இது அழுகறதுங்க" என்றாள்.

மெர்ச்சண்டைசர் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். வேகவேகமாக எழுதிக்கொண்டாள். ராகம் இருக்கிறது, வரி இருக்கிறது, ஆனால் இவர்கள் கணக்கில் இது பாட்டு இல்லை. அதுதான் அவள் படிப்புக்கே அடிப்படையாம். நாம் ஒன்றைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு போவோம், அங்கே அதற்கு வேறு பேர், வேறு வேலை இருக்கும் என்றாளாம். அத்தை என்னைப் பார்த்து, இதுக்கா இத்தனை தூரம் வந்தாங்க என்பதுபோல் உதட்டைச் சுழித்தாள்.

சரி, அழுங்கள் என்றார்கள். யாருக்கு என்று அத்தை கேட்டாள்.

யாருக்கு வேண்டுமானாலும் என்றார் மெர்ச்சண்டைசர். அத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். சும்மா அழ முடியாது. புருஷன் செத்தால் ஒரு அழுகை, அப்பன் செத்தால் ஒன்று, கூடப் பிறந்தவன் செத்தால் ஒன்று. ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்கு வைத்தால் அது பழி. இறந்துபோன தாத்தாவுக்கு அழச் சொன்னார் அப்பா. கருமாதி முடிந்து போய்ச் சேர்ந்தவரைத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று அத்தை மறுத்துவிட்டாள். அதற்குள் அம்மா, செத்தவர் இல்லாத வீட்டில் ஒப்பாரியே ஆகாது என்று சொல்லிக்கொண்டு முருகன் படத்தின் மேல் பனியன் துணி வேஸ்ட்டைப் போட்டு மூடினாள். மெர்ச்சண்டைசர் வாட்சைப் பார்த்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏதோ ஒருத்தருக்கு அழுகு அம்மிணி. முதலாளி கேட்டு அனுப்பிச்சிருக்கறாரு" என்றார்.

அத்தை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "செரிங்ணா. எங்க ஊட்டுக்காரருக்கு அழுகறேன்" என்றாள்.

மாமா மடத்துக்குளத்தில் உயிரோடு இருக்கிறார். போன தீபாவளிக்குக்கூட யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்தால் அவர் என்ன ஆவார்?

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒப்பாரியைத் தனியாக வைக்க முடியாது. எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, தோளோடு தோள் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து ஆட வேண்டும். அம்மா, எம்பட புருசன் கல்லாட்டம் உக்காந்திருக்கறாரு, நான் எதுக்குச் சேரோணும் என்று தொட்டில் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஆகவே நான். எட்டாம் வகுப்பு யூனிஃபார்மோடு அத்தை முன்னால் உட்கார்ந்தேன். அவள் இரண்டு கையையும் என் தோளில் போட்டாள். நெற்றியில் நெற்றி முட்டியது. செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரல்கள் என் பிடரியில் அழுந்தின. சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் இழுப்பிலேயே தம்பி விழித்துக்கொண்டான். ஆனால் அழவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தினமும் எனக்குப் பேன் பார்க்கிற அத்தையின் தொண்டை இல்லை அது. அவள் என்னையும் சேர்த்து முன்னும் பின்னும் ஆட்டினாள்.

பொன்னாப் பொறந்தவனே – என்னப்
பொத்தி வளத்தவனே
சனிக்கெழமச் சம்பளத்தச்
சாமியின்னு நான் கொடுத்தேன்
கழுத்துக் கொடியவுத்துக்
கையில நான் கொடுத்தேன்

நாப்பத்தி ரெண்டாயிரம் – நீ
நடந்தவழி கொண்டுபோனா
நானாரக் கேப்பேன் – இனி
நாயா நிப்பேனோ

இப்படி நிறைய. எனக்கு நினைவில் நிற்பது இவ்வளவுதான். அண்ணி ஊற்றிய கஞ்சியில் எண்ணிப் போட்ட பருப்பைப் பற்றிக்கூட ஒரு அடி வந்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அவளை நிமிர்ந்து பார்க்க முயன்றேன், அத்தையின் பிடி விடவில்லை. ஓரக்கண்ணால் அப்பாவைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு தடவை கையைத் தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெர்ச்சண்டைசர் உதட்டில் விரலை வைத்தார். அப்பா கையை மடியில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் சிரித்த முகமாக இருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. ஃபேன் ஓடாததால் என்றுதான் நான் நினைத்தேன்.

எனக்கு அதெல்லாம் பார்க்க நேரமில்லை. மனதுக்குள் முருகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஆகாவிட்டால் பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன். துணி போட்டு மூடியிருப்பதால் அவருக்குக் கேட்குமோ கேட்காதோ என்று அது ஒரு கவலை.

விளக்கு அணைந்ததும் வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தையின் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு தண்ணீர் கேட்டாள். என்ன அர்த்தம் என்று அந்தப் பெண் விசாரித்தாள். புருஷன் ராஜா மாதிரி வைத்திருந்தான், அவன் போனபின் ஆதரவில்லை என்று மெர்ச்சண்டைசர் சமாளித்தார்போலிருக்கிறது. ஆனால் எண் மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் திரும்பி, அது என்ன நாற்பத்திரண்டாயிரம் என்று கேட்டார்.

அப்பா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிச் செலவுங்க சார்" என்றார்.

அத்தை தண்ணீர்ச் சொம்புக்குள் சிரித்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அந்தப் பெண் ஒரு கவரை நீட்டினாள். அப்பா எழுந்தார். அத்தை உட்கார்ந்தபடியே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்த அப்பா வாசலிலேயே நின்றார். அவர் குரல் நடுங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"உசுரோட இருக்கறவனுக்கா அழுகறது?"

"ஏனுங்ணா, நீங்கதானுங்க அழுகச் சொன்னீங்க" என்றாள் அத்தை.

மாமாவுக்காக அப்பாவுக்குக்கூட இத்தனை வருத்தமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினாள், அப்பாவின் தலையைச் சுற்றி உப்பும் மிளகாயும் எடுத்தாள். மாமாவை விட்டுவிட்டு இவருக்கு எதற்குச் சுற்றுகிறாள் என்றும் யோசித்தேன். கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அத்தை துணிப்பையை எடுத்துக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறினாள். அங்கே ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உடைக்கிற வேலை.

அப்பாவுக்கு ஜாப் ஒர்க் கிடைத்தது. வந்த வெள்ளைக்கார அம்மா ரொம்பத் திருப்தியாகப் போனார்கள் என்று முதலாளி முதுகில் தட்டிச் சொன்னாராம். மெஷின் தவணை கட்ட அத்தையின் சனிக்கிழமைச் சம்பளம் இல்லாததால், அத்தை நின்ற செக்கிங் டேபிளில் என்னை நிறுத்தினார்கள். அந்த யூனிஃபார்மைத் தம்பியின் தொட்டிலுக்கு விரிப்பாகப் போட்டாள் அம்மா. என் சம்பளத்துக்கும் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். பவர் டேபிள் இரண்டு வருடம் ஓடியது. பிறகு மெஷின்கள் வந்த வழியே போய்விட்டன. நான் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில் மாமாவைப் பார்த்தேன். கையில் வாழைத்தார், கூடவே அந்தம்மா, இரண்டு பிள்ளைகள். நன்றாகத் தொப்பை போட்டிருந்தார். அப்பாடா என்று இருந்தது. என் வேண்டுதல்தான் அவரைக் காப்பாற்றியது என்று நம்பி, அடம் பிடித்துப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். கம்பெனியில் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா இறந்தது போன வருடம். கூடப் பிறந்தவள் வந்து அழ வேண்டும், அதுதான் முறை என்று பெரியவர்கள் சொல்ல, நானே காங்கேயம் போனேன். அத்தை களத்தில் காயும் பருப்பைக் காலால் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். காலை நிறுத்தவில்லை.

"அவருக்கு நான் அப்பவே அழுதாச்சு கண்ணு. ஒருத்தருக்கு ரெண்டு தடவ அழுகறதில்ல."

எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்குத்தானே அழுதீர்கள் என்றேன்.

"புருசன் செத்தா பொறந்தவனேன்னு எவளாச்சு அழுவாளா? உங்கம்மாகிட்டக் கேளு. அவளுக்குத் தெரியும்."

கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் தண்ணீரும் உப்பும் மிளகாயும் அந்தக் களத்து வெயிலிலேயே வந்து நின்றன. தெரியாதவர்கள் அன்றைக்கு மூன்றே பேர். வெள்ளைக்காரப் பெண், மெர்ச்சண்டைசர், நான். தம்பியைச் சேர்த்தால் நாலு. எங்கோ ஒரு நாட்டின் அலமாரியில் புருஷனுக்கு வைத்த ஒப்பாரி என்று பேரெழுதி அது இன்னமும் பத்திரமாக இருக்கும்.

அப்பாவுக்கு அழ யாரும் வரவில்லை. வாடகைக்கு வந்த ஒப்பாரிக்காரர் மைக்கில் அழுதார், அவருக்கு அப்பாவின் பேரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு இருந்தவர்களை எண்ணும்போதெல்லாம் அப்பாவை உயிரோடு இருந்தவர்களில் சேர்த்தே எண்ணி வந்திருக்கிறேன். அத்தை அப்படி எண்ணவில்லை.

மாதச் சம்பளம் வந்ததும் காங்கேயம் போய் வருகிறேன். சீட்டு எடுத்த பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அத்தை வேண்டாம் என்று சொல்வதில்லை. எச்சில் தொட்டு எண்ணி முடித்துவிட்டு, நாற்பத்திரண்டாயிரத்தில் மீதியை வாய்விட்டுச் சொல்வாள். கடைசியாகச் சொன்னது ஒன்பதாயிரத்து ஐந்நூறு.