கொண்டல் திரும்பி வந்த பிறகு

1. டிராகனுக்குப் பெயர்

ராயபுரத்தில் ரஷீத் பாயின் பதிப்பகத்தில் நான் எடிட்டர். ப்ரூஃப் பார்ப்பதும் நான்தான். காலண்டரும் பள்ளிக்கூட கைடும் போட்டுக்கொண்டிருந்த இடம் அது. ஒருநாள் கஸ்தூரி ஒரு கட்டுக் காகிதத்தோடு படியேறி வந்தாள். காசிமேட்டுப் பெண், ஐஸ் ஃபேக்டரியில் வேலை. டிராகன்களையும் அவற்றின்மேல் ஏறிப் பறக்கும் பிள்ளைகளையும் பற்றிய கதை எழுதியிருந்தாள்.

பாய் படித்துவிட்டு, "டிராகன்னு வேணாம்மா. பறக்கும் நாகம்னு போட்டுடலாம்" என்றார்.

"இன்னா பாய் இது! நாகம்னா எங்க தெரு பசங்க பாம்புக் கதைன்னு தூக்கிப் போட்டுடும். டிராகன் டிராகனாவே இருக்கட்டும். அதுக்குப் பேரு மட்டும் நம்ம பேரு, கொண்டல்."

கடலுக்குப் போகிறவர்கள் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கொண்டல் என்பார்கள். பாய் சிரித்துவிட்டார். முதல் பாகம் அச்சுக்குப் போனது.

கொண்டலையும் அதன்மேல் பறக்கும் வேலனையும் பிள்ளைகள் அப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. மூன்றாம் பாகம் வந்தபோது வியாசர்பாடியிலிருந்து ஃபுட்பால் ஜெர்ஸியோடு கும்பலாக வந்து நின்றார்கள். அந்த நாட்களில் ஆபீஸ் மாடிப்படியே கலகலவென்று இருக்கும்.

2. வராத அத்தியாயம்

நான்காம் பாகத்தில் வேலன் புயலில் சிக்கிக் காணாமல் போகிறான். கொண்டல் தனியாகத் திரும்பி வருகிறது. கஸ்தூரி அதோடு கதையை முடித்திருந்தாள்.

பாய் பதறிவிட்டார். "பசங்க அழுதுடும்மா. இன்னொரு சாப்டர் எழுதி வேலன கூட்டியாந்துடு."

சரியென்று போனவள் வரவே இல்லை. போனையும் எடுக்கவில்லை. மற்ற பக்கங்களெல்லாம் ஃபாரம் ஃபாரமாக அச்சாகி பைண்டிங்குக்குக் காத்திருந்தன. புத்தகக் காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஐஸ் ஃபேக்டரிக்கே போனேன்.

கஸ்தூரி என்னை வெளியே அழைத்து வந்தாள். கை இரண்டும் குளிரில் வெளுத்திருந்தன.

"எழுதிப் பாத்தேன்க்கா. வேலன் கரையேறி வர்ற மாதிரி எழுதுனா, எங்கண்ணன் மட்டும் ஏன் வர்லன்னு கை நின்னுடுது."

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். போட்டில் போனவன். போட் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

"எங்கம்மா இன்னும் அவன் லுங்கிய தொவச்சு தொவச்சு மடிச்சு வெச்சுகினு கீது. நான் பொய்யா எழுதுனா அத்த யார்க்கா படிக்கிறது?"

நானும் அவளோடு அங்கேயே நின்றேன். பிறகு, "சரி, வேலன் வர வேணாம். தனியா வந்துச்சே கொண்டல், அது மறுநாள் என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "தெர்லக்கா."

"அதை எழுது."

எழுதிக் கொண்டுவந்தாள். கொண்டல் தினமும் கடல்மேல் பறந்து தேடுகிறது. எதையும் தின்னவில்லை. உடம்பு இளைத்துப்போகிறது. ஒரு காலையில் கரையில் கிடந்த மீனைத் தானாகவே எடுத்துத் தின்கிறது. அவ்வளவுதான். பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்டியே அடிங்க" என்று பிரஸ்ஸுக்குச் சொன்னார்.

3. எண்ணூர்ப் பெண்

புத்தகம் வந்ததும் திட்டுதான் முதலில் வந்தது. "இன்னா அக்கா, வேலன காலி பண்ணிட்டீங்க!" என்று பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். பாய் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒருநாள் எண்ணூர்க் குப்பத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். கஸ்தூரியும் அன்று ஆபீசில் இருந்தாள். "இவங்க அப்பா கடலுக்குப் போயி வர்ல. இது சரியா சாப்பிடவே மாட்டேங்குது. இந்தக் கதை எழுதுனவங்கள பாக்கணும்னு ஒரே அடம்" என்றார் அந்த அம்மா.

அந்தப் பெண் நேராகக் கஸ்தூரியிடம் போனாள். "வேலன் வர்றதுக்குள்ள கொண்டல் சாப்ட்டது தப்பில்லியாக்கா?"

கஸ்தூரி குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பில்லம்மா. அதுக்குப் பசிக்கும்ல?"

"வேலன் கோச்சுக்க மாட்டானா?"

"அவன் எங்க இருந்தாலும், அது சாப்ட்டுச்சான்னுதான் கேப்பான்."

அந்த அம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். பாய் எழுந்து போய், எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கி வந்தார். அந்தப் பெண் பன்னை டீயில் நனைத்து முழுவதும் தின்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதுகிறவருக்குக் கை நின்றுபோனால் அவசரப்படுத்தாதீர்கள். நின்ற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் அவரோடு நில்லுங்கள்.