மாணிக்கவேலின் கைதுப் பட்டியல்

வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறார் மாணிக்கவேல். காலை ஒன்பது பத்து. பையிலிருந்து நோட்டை எடுத்து என் மருந்துக்கடை மேஜைமேல் விரித்து, ‘பழம் ஒன்று, பூவன், முழுசு’ என்று எழுதி, அடியில் கோடு போட்டு, அப்புறம்தான் கடிக்கிறார். அதற்குள் பழமே கறுத்துவிடும் போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, “இன்னும் ஒண்ணும் இல்லண்ணா” என்று எனக்குத் தகவல் சொல்கிறார். நான் கேட்கவேயில்லை.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக மெத்தையில் உட்கார்ந்து சேலை விரித்துப் போடுகிறவர் அவர். ஒரு சேலைக்கு வந்த அம்மாளை ஆறு சேலையோடு அனுப்புகிற வாய். “மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர், உங்களுக்குன்னே நெய்ஞ்சு வெச்சா மாதிரி இருக்குதும்மா” என்பார். அந்த அம்மாள் கறுப்பா சிவப்பா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த ஆளை வாரத்துக்கு ஒருமுறை ஒற்றைத் தலைவலி அடித்துப் போடுகிறது. நான் கேலி பேசுகிறவன்தான், ஆனால் அந்த வலி பொய்யில்லை. பட்டுக்கடை மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, விளக்கை அணைத்துவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுக்கப் போனவன் படியிலேயே நின்றுவிட்டேன். பாவமாக இருந்தது. முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: ஆவணி முகூர்த்தத்துக்குள் தலை சரியாகவில்லை என்றால் மெத்தையில் வேறு ஆள் உட்காருவான், மாணிக்கவேல் குடோனில் லேபிள் ஒட்டலாம். பேச ஆளில்லாத இடத்தில் உட்கார வைத்தால் அந்த மனுஷன் ஒரு மாசம் தாங்கமாட்டார்.

டாக்டர் சொன்னது எளிய யோசனை. சாப்பிடுவதையெல்லாம் எழுதுங்கள், சந்தேகப்படுவதை மூன்று வாரம் நிறுத்துங்கள், பிறகு மறுபடி சேர்த்துப் பாருங்கள், எது உங்களுக்கு ஆகவில்லை என்று தெரிந்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டு வந்த அன்றே மாணிக்கவேல் போலீஸ்காரர் ஆகிவிட்டார். நோட்டில் மூன்று பத்தி போட்டார்: கைது, ஜாமீன், விடுதலை.

கத்திரிக்காய் சித்திரையில் கைதானது. பின்னாலேயே தக்காளி, தயிர், மொச்சை. சேப்பங்கிழங்கு ஜாமீனில் வந்து, நாலே நாளில் மறுபடி உள்ளே போனது. வாலாஜாபாத் சந்தையில் மச்சினன் வாங்கி வந்த வெள்ளரிக்காய், பாவம், என்ன குற்றம் செய்ததென்று அவருக்கே தெரியாது. ‘நடவடிக்கை சரியில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஒன்பதாவது வரியில் ‘அலமு வைத்த ரசம்’. அலமு அவர் மனைவி. அடுத்த வீட்டு ரசத்தின்மேல் வழக்கு எதுவும் இல்லை.

அலமு இரண்டு சமையல் செய்கிறாள். அவருக்கு மூன்று வேளையும் கஞ்சி, பிள்ளைகளுக்கு மற்றது. பிள்ளைகளுக்காகக் கத்திரிக்காய் வதக்கினால், வாசனை வந்தது என்று அதையும் நேரம் போட்டு எழுதிக்கொள்கிறாராம். இத்தனைக்குப் பிறகும் வலி வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. மாணிக்கவேலுக்கோ ஒவ்வொரு வாரமும் புதுக் குற்றவாளி தேவைப்பட்டது.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் அலமு அவரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வலி வந்த நாளிலெல்லாம் காலண்டரில் கிழித்த தாளைச் சேர்த்து வைத்திருந்தாள். பதினொரு தாள். ஒவ்வொன்றாக மேஜைமேல் அடுக்கினாள். பதினொன்றும் சிவப்பு. பதினொன்றும் ஞாயிற்றுக்கிழமை.

“சனிக்கிழமை நைட்டு இன்னா எழுதிக்கிறாருன்னு பாருங்கண்ணா” என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். ‘இரவு: கஞ்சி. வேறு ஒன்றும் இல்லை.’ எல்லாச் சனிக்கிழமையும் அதேதான்.

அட படுபாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை சாயந்திரம் கடையில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்து, எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் வரிசையை ஒழுங்கு பண்ணுவது மாணிக்கவேல்தான். பூஜை முடிந்தால் புளியோதரை. வேர்க்கடலையும் மிளகாயும் நல்லெண்ணெயில் பளபளக்கும். ஊருக்கு ஆளுக்கு ஒரு தொன்னை, ஒழுங்கு பண்ணினவருக்கு மூன்று. அதே வரிசையில் நானும் நிற்கிறவன், அவர் மூன்றையும் வழித்துச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கிறவன்.

புளியோதரையை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

“அது பிரசாதம்ணா” என்றார். “அதெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா?”

வாழைப்பழத்துக்குப் பூவனா ரஸ்தாளியா என்று ஜாதி விசாரிக்கிற மனுஷன், மூன்று தொன்னைப் புளியோதரையைக் காற்று என்று விட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மூன்று வாரம் அதை நிறுத்திப் பாருங்கள் என்றாள் அலமு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பெருமாள் மேலயே கேஸ் போட சொல்றியா நீ?”

“என் ரசத்து மேல போட்டப்ப யாரைக் கேட்டீங்க?” என்றாள் அவள், தாள்களைச் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டே.

பெண்டாட்டி சொன்னதைக் கேட்டு நிறுத்தினார் என்று நினைக்கவேண்டாம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஏறிவிட்டது, முதலாளி சனிக்கிழமை விடவில்லை. கோயிலும் போச்சு, தொன்னையும் போச்சு. மூன்று ஞாயிற்றுக்கிழமை தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. மாணிக்கவேல் மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பதினேழு சேலை விற்றார். காரணம் கேட்டவர்களிடமெல்லாம் வெள்ளரிக்காயை நிறுத்தியதுதான் என்றார். பக்கத்தில் நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாலாவது சனிக்கிழமை எப்படியோ அனுமதி வாங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டார். மறுபடி சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் அவருக்கு நினைவு வந்ததாம். சேர்த்துப் பார்க்க ஒரு வாய் போதும். மூன்று தொன்னையும் காலி. ஞாயிறு காலை பல் விளக்கப் போனவர் கிணற்றடியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக அலமு மாத்திரைக்கு ஆள் அனுப்பினாள்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் என் கடைக்கு வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆவணி பிறக்க ஐந்து நாள். இன்னொரு தடவை மாடியில் போய்ப் படுத்தால் குடோன்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரை கேட்கவில்லை. ரோட்டில் நின்றபடியே நோட்டை மேஜைமேல் வைத்து, கைதுப் பக்கத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதவில்லை. அரக்கோணம் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அதுவரை அப்படியே நின்றார்.

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாகத் தள்ளினார். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, மறுபடி பேனாவை எடுத்து, ‘பு’ என்று எழுத ஆரம்பித்தார்.